தூக்குத் தண்டனை வழக்குகளில் இன்டர்ன்ஷிப்: என்ன வேலை, யாருக்குப் பொருந்தும்?

சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களுக்குக் கட்டணம் வாங்காமல் வழக்கு நடத்தும் தொண்டு அமைப்பில் இன்டர்ன்ஷிப் போகலாமா, அங்கே என்ன வேலை தருவார்கள், கொலை செய்தவருக்காக உழைப்பது உறுத்தாதா, மனசு தாங்குமா, பின்னால் இதை வைத்துப் பிழைக்க முடியுமா? எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்கும் தன் தோழிக்கும் இதில் இடமுண்டா என்றும் கேட்கிறார்.

இந்த வேலையில் பல வருடம் இருந்திருக்கிறேன். தாராளமாகப் போகலாம். உங்களைவிட உங்கள் தோழிக்கு அங்கே தேவை அதிகமாக இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். ஏன் என்பது போகப் போகப் புரியும்.

முதலில், இப்படிப்பட்ட அமைப்பு வழக்கின் எந்தக் கட்டத்தில் உள்ளே வருகிறது என்று பார்த்துவிடுவோம். செஷன்ஸ் கோர்ட் மரண தண்டனை விதித்தாலும், உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அதை நிறைவேற்ற முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 366-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக அமலில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தில் 407. கைதி அப்பீல் போடாவிட்டாலும் வழக்குக் கட்டு தானாக மேலே போகும். சென்னையிலும் மதுரைக் கிளையிலும் அதற்கு ‘ஆர்.டி.’ (ரெஃபர்டு டிரையல்) என்று தனி நம்பர் விழும். அங்கேயும் உறுதியானால் உச்ச நீதிமன்றம். அதன்பின் சீராய்வு மனு, அதுவும் தோற்றால் அதே நீதிமன்றத்தில் கடைசியாகப் போடும் கியூரேட்டிவ் மனு, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் கருணை மனு. அது தள்ளுபடியானால், தள்ளுபடியை எதிர்த்து ரிட். இவ்வளவு படிகள் இருப்பதால் ஒரே வழக்கு பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடுவது சாதாரணம். தொண்டு அமைப்பிடம் கட்டு வரும்போது பெரும்பாலும் கீழ்க் கோர்ட்டில் எல்லாம் முடிந்து, ஆள் தண்டனைச் சிறையில் இருப்பார். கீழ்க் கோர்ட்டில் வாதாடிய வக்கீல், எந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, எந்தக் காகிதத்தைத் தாக்கல் செய்யவில்லை என்று தேடுவதில்தான் உங்கள் வேலை தொடங்கும்.

ஏன் அப்படி விடுபட்டுப் போகிறது? பணம்தான் முதல் காரணம். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் 2014-இல் தொடங்கி, பின்னர் ‘பிராஜெக்ட் 39ஏ’ என்று அறியப்பட்ட குழு, நாடு முழுவதும் மரண தண்டனைக் கைதிகளையும் அவர்கள் குடும்பங்களையும் நேரில் சந்தித்து 2016-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கைதிகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். அதே அறிக்கை இன்னொன்றையும் சொன்னது: கீழ்க் கோர்ட் விதித்த மரண தண்டனைகளில் கடைசி வரை நின்றது 5 சதவீதத்துக்கும் குறைவு, ஏறக்குறைய 30 சதவீதம் பேர் விடுதலையே ஆகிவிட்டார்கள். மீதி ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. அந்தக் குழு இப்போது ஹைதராபாத் நால்சார் பல்கலைக்கழகத்தில் ‘ஸ்கொயர் சர்க்கிள் கிளினிக்’ என்ற பெயரில் இயங்குகிறது. ஆண்டுதோறும் அவர்கள் வெளியிடும் கணக்கை விண்ணப்பிக்கும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். 2022-இல் மட்டும் விசாரணை நீதிமன்றங்கள் 165 பேருக்கு மரண தண்டனை விதித்தன. 2024 முடிவில் 564 பேர் அந்தத் தண்டனையோடு சிறையில் இருந்தார்கள்.

இனி வேலைக்கு வருகிறேன். இன்டர்னுக்கு முதல் நாள் கையில் கிடைப்பது கேஸ் கட்டு. எஃப்.ஐ.ஆர்., மகஜர்கள், போஸ்ட்மார்ட்டம் சான்று, தடய அறிவியல் ஆய்வக அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம், குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதி கேட்கும் கேள்விகள் (பழைய சட்டத்தின் 313-ஆவது பிரிவு), தீர்ப்பு என்று ஆயிரம் பக்கம் தாண்டும். பாதி கையெழுத்துப் பிரதியாக இருக்கும், ஜெராக்ஸில் ஓரம் வெட்டுப்பட்டிருக்கும். இதை வைத்து ஒரு கால அட்டவணை தயாரிக்கச் சொல்வார்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, யார் சொன்னது, எந்தப் பக்கம். கேட்கச் சின்ன வேலை போலத் தோன்றும். ஆனால் அப்பீலின் பாதி உயிர் அதில்தான் இருக்கிறது.

நம்ம ஊர்க் கொலை வழக்குகளில் பார்க்க வேண்டிய இடங்கள் சில உண்டு. எஃப்.ஐ.ஆர். காலை எட்டு மணிக்குப் பதிவானதாக இருக்கும். மாஜிஸ்திரேட் அதைப் பெற்றுக்கொண்டு போட்ட கையெழுத்தின் பக்கத்தில் மறுநாள் மாலை நேரம் இருக்கும். நடுவில் என்ன நடந்தது? கைதானவர் விஏஓ முன்னிலையில் ‘தானாக முன்வந்து’ வாக்குமூலம் கொடுத்தார், அதன்பேரில் புதரிலிருந்து அரிவாள் எடுக்கப்பட்டது என்று இருக்கும். அந்த விஏஓ குறுக்கு விசாரணையில் எந்த இடத்தில் கையெழுத்துப் போட்டதாகச் சொல்கிறார், அரிவாளில் ரத்தம் இருந்ததாக ஆய்வக அறிக்கை சொல்கிறதா, அந்த ரத்தத்தின் பிரிவு தெரிந்ததா என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். நேரடி சாட்சி இல்லாத, சந்தர்ப்ப சாட்சியத்தில் நிற்கிற வழக்குகளுக்கு 1984-இல் ஷரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து நிபந்தனைகள் சொல்லியிருக்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப் போனாலும் தண்டனை நிற்காது. அந்த விட்ட கண்ணியைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சீனியர் இல்லை, மூன்றாவது முறையாக அதே வாக்குமூலத்தைப் படிக்கிற ஜூனியரோ இன்டர்னோதான்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வேலையும் நிச்சயம்: சாட்சியங்களை ஆங்கிலத்தில் பெயர்ப்பது. உச்ச நீதிமன்றத்துக்கு எல்லாம் ஆங்கிலத்தில் போக வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் வழக்கைக் கரைத்துக் குடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

சட்ட ஆராய்ச்சி, குறிப்பு எழுதுவது, நீதிமன்றத்தில் சீனியர் பின்னால் புத்தகம் தூக்கிக்கொண்டு நிற்பது எல்லாம் மற்ற அலுவலகங்களில் இருப்பது மாதிரிதான். அதை விட்டுவிடுகிறேன். இந்த வேலையை வேறு எந்தக் கிரிமினல் பிராக்டீஸிலிருந்தும் பிரித்துக் காட்டுவது, ‘மிட்டிகேஷன்’ என்று எல்லோரும் சொல்லும் பகுதி: தண்டனையைக் குறைப்பதற்கான காரணங்களைத் திரட்டுவது. உங்கள் தோழியின் இடம் இங்கேதான்.

சட்டப் பின்னணி சுருக்கமாக. 1980-இல் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் மரண தண்டனை செல்லும் என்றது. மாறுபட்டவர் நீதிபதி பகவதி. தன் தீர்ப்பை 1982-இல் எழுதினார். செல்லும் என்று சொன்ன பெரும்பான்மையே ‘அரிதினும் அரிதான’ வழக்குகளில் மட்டும் என்று கட்டுப்போட்டது. குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, குற்றவாளியையும் பார்க்க வேண்டும். அவர் திருந்த வாய்ப்பில்லை என்று அரசு காட்ட வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு, ஆனால் கீழே நடந்தது வேறு. குற்றவாளி என்று மதியம் தீர்ப்பு, ‘தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறாயா’ என்று ஒரு கேள்வி, ‘வயதான அம்மா இருக்கிறார், குறைந்தபட்சத் தண்டனை கொடுங்கள்’ என்று ஒரு பதில், சாயங்காலம் தூக்கு. தீர்ப்புகளில் அந்தப் பகுதி ஒன்றரைப் பக்கம் இருந்தாலே அதிகம். நாற்பது ஆண்டுக்கு மேல் இப்படியே ஓடியது.

2022 மே மாதம் மனோஜ் எதிர் மத்தியப் பிரதேசம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கொஞ்சம் நிமிர்த்தியது. விசாரணைக் கட்டத்திலேயே தண்டனை தொடர்பான விவரங்கள் திரட்டப்பட வேண்டும். அரசுத் தரப்பு மனநல, உளவியல் மதிப்பீட்டைத் தாக்கல் செய்ய வேண்டும். வயது, பிள்ளைப் பருவம், குடும்பம், படிப்பு, வருமானம், உடல்நலம், சிறை நடத்தை எல்லாம் கோர்ட் முன்னால் வர வேண்டும் என்றது. அதே ஆண்டு செப்டம்பரில், குற்றவாளி என்று தீர்மானித்த அதே நாளில் தண்டனை விதிக்கலாமா என்ற சிக்கலை ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது. 2025 ஆகஸ்டில் வசந்த சம்பத் துபாரே வழக்கில், மனோஜ் தீர்ப்பின் நெறிகள் பின்பற்றப்படாமல் தூக்கு உறுதியானவர்கள், எல்லாம் முடிந்த பிறகும் அரசியல் சாசனத்தின் 32-ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்துக்கே வந்து தண்டனையை மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்றது. ஆக, ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாற்றைச் சேகரிப்பது இன்று இரக்கத்தின் பேரில் செய்கிற கூடுதல் வேலை கிடையாது, சட்டம் கேட்கிற வேலை. அதைச் செய்யப் பயிற்சி பெற்ற ஆட்கள்தான் நாட்டில் கைவிட்டு எண்ணும் அளவுக்கு இருக்கிறார்கள். நன்னடத்தை அலுவலர் அறிக்கை என்று ஒன்று வரும். அதில் பாதி, ஊர்த் தலைவரிடமும் காவல் நிலையத்திலும் கேட்டு எழுதியதாக இருக்கும்.

நேரில் இந்த வேலை எப்படி இருக்கும்? கைதியின் பிறந்த ஊருக்குப் போவீர்கள். பெரும்பாலும் அந்தக் குடும்பம் அங்கே இருக்காது. சம்பவம் நடந்த வாரமே வீட்டைப் பூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருப்பார்கள். தேடிக் கண்டுபிடித்துப் போனால், முதல் தடவை வாசலோடு சரி. ஏற்கெனவே வக்கீல் என்று சொல்லிக்கொண்டு வந்து நகையை அடகு வைக்கச் சொல்லி வாங்கிப் போனவர்களைப் பார்த்திருப்பார்கள், பத்திரிகைக்காரர்களைப் பார்த்திருப்பார்கள், போலீஸையும் பார்த்திருப்பார்கள். நீங்கள் யார் என்று ஒரே வரியில், பொய் கலக்காமல் சொல்லத் தெரிய வேண்டும். தெருவில் பக்கத்து வீட்டார் காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது ‘தூக்குத் தண்டனை’ என்ற சொல்லை வாயிலிருந்து விடக் கூடாது.

இரண்டாவது, மூன்றாவது தடவை போகும்போதுதான் பேச்சு வரும். அதுவும் கேட்ட கேள்விக்கு வராது. ‘சின்ன வயதில் உங்கள் மகன் துன்புறுத்தலுக்கு ஆளானாரா’ என்று கேட்டால் எந்தத் தாயும் ‘அதெல்லாம் ஒன்றும் இல்லீங்க, நல்லாத்தான் வளர்த்தோம்’ என்பார். ‘அவர் பிறந்தப்போ நீங்க எங்கே வேலை பார்த்துக்கிட்டிருந்தீங்கம்மா?’ என்று தொடங்கினால் செங்கல் சூளை வரும், அட்வான்ஸ் கடன் வரும், பிரசவத்துக்கு மூன்றாம் நாளே மண் சுமந்தது வரும், குழந்தைக்கு ஜன்னி கண்டு கை கால் இழுத்தது வரும், மந்திரித்துக் கயிறு கட்டியது வரும். ‘ஜன்னி எத்தனை தடவை வந்தது, எந்த ஆஸ்பத்திரி’ என்று அங்கே நிதானமாகக் கேட்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியின் ஒரு பழைய ஓ.பி. சீட்டு, தகரப் பெட்டியில் ரேஷன் கார்டோடு மடித்து வைத்திருப்பார்கள். அந்தச் சீட்டுதான் பின்னால் நரம்பியல் மருத்துவரிடம் கொடுக்கும் முதல் ஆதாரம். சொல் மட்டும் இருந்தால் அரசு வக்கீல் ‘தாய் மகனுக்காகச் சொல்கிறார்’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார். அதனால் சொல்லை எல்லாம் காகிதத்தோடு கட்டிப்போட வேண்டும். பள்ளி அட்மிஷன் பதிவேடு, வருகைப் பதிவேடு, டி.சி., அங்கன்வாடிக் குறிப்பு, இறப்புச் சான்றிதழ்கள், சிறை மருத்துவமனைப் பதிவு எல்லாம் வேண்டும். தலைமையாசிரியரிடம் போய் இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய பதிவேட்டை எடுக்கச் சொல்லிப் பாருங்கள், பொறுமை என்றால் என்ன என்று தெரியும்.

ஒரு பள்ளிப் பதிவேடு என்ன செய்யும் என்பதற்கு உதாரணம் வேண்டுமா? நாராயண் சேத்தன்ராம் சவுத்ரி வழக்கு. 1994-இல் புனேயில் நடந்த கொலைகளுக்காக அவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டு, 2000-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ராஜஸ்தானில் பிகானேர் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் பதிவேட்டில் அவருடைய பெயர் நிரானாராம் என்று இருந்தது. பிறந்த தேதியைக் கணக்கிட்டால், சம்பவத்தின்போது வயது 12 வருடம் 6 மாதம். இளஞ்சிறார் என்ற வாதத்தை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம் என்று சட்டம் சொல்வதால் விசாரணை நடந்தது. அந்தப் பெயரும் இந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று நிறுவ வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்று அவரை விடுவித்தது. அதற்குள் 28 வருடத்துக்கு மேல் சிறையில் கழித்திருந்தார். விசாரணை நடந்த காலத்தில் அவர் ஊர்ப் பள்ளிக்கு ஒருவர் பஸ் ஏறிப் போயிருந்தால் போதும் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆத்திரம் வரும்.

சிறைக்குப் போவது பற்றி. சிறைக்குள் சந்திப்பை இங்கே ‘மனு’ என்றுதான் சொல்வார்கள். வக்கீலாகப் பதிவு செய்யாத இன்டர்னை உள்ளே விடுவது கண்காணிப்பாளர் கையில் இருக்கிறது. பல இடங்களில் விட மாட்டார்கள். விட்டால், பெரும்பாலும் சீனியரோடு ஒரு மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பீர்கள். போன் வெளியே. காவலர் காதுக்கு எட்டும் தூரத்தில் நின்றால் பேச்சு நடக்காது. இதற்காகவே உச்ச நீதிமன்றம் சில வழக்குகளில் மிட்டிகேஷன் ஆட்கள் கைதியைத் தனியே சந்திக்கலாம் என்று உத்தரவு போட்டிருக்கிறது. முதல் சந்திப்பில் சம்பவத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சாப்பாடு, தூக்கம், வீட்டிலிருந்து யார் கடைசியாக வந்தது, உள்ளே என்ன வேலை தருகிறார்கள் என்பது போதும். ‘வெளியே கொண்டுவந்துவிடுவோம்’ என்று ஆறுதலுக்குக்கூடச் சொல்லிவிடாதீர்கள். அவர் அதை அன்றிரவே வீட்டுக்குக் கடிதமாக எழுதிவிடுவார்.

உள்ளே இருப்பவர்களின் மனநிலை தனிக் கதை. அந்த டெல்லிக் குழு 2021-இல் 88 கைதிகளை ஆராய்ந்தபோது, 62 சதவீதத்தினருக்கு மனநோய் இருந்தது தெரிந்தது. தண்டனைக்குப் பிறகு வந்த கடுமையான மனநோயையும் தண்டனைக் குறைப்புக்கான காரணமாகக் கொள்ளலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதனால் பேசும்போது கை நடுங்குகிறதா, ஒரே வாக்கியத்தைத் திரும்பச் சொல்கிறாரா, தேதி தெரிகிறதா என்று நீங்கள் எடுக்கும் சாதாரணக் குறிப்பும் பின்னால் மருத்துவருக்குத் தேவைப்படலாம். நோயின் பெயரை நீங்கள் எழுத வேண்டாம், பார்த்ததை எழுதுங்கள்.

அடுத்து, உறுத்தாதா என்ற கேள்வி. ‘எல்லோரும் நிரபராதிகள்’ என்று நினைத்துக்கொண்டு வந்தால் ஒரு மாதத்தில் உடைந்துவிடுவீர்கள். பலர் செய்தவர்கள். செய்ததைப் படிக்கும்போது வயிற்றைப் புரட்டும். போஸ்ட்மார்ட்டம் படங்களைப் பார்த்துவிட்டு அன்று சாப்பாடு இறங்காது. செய்தவருக்கும் சட்டப்படி என்ன தண்டனை என்பதைச் சரியாகத் தீர்மானிக்க வேண்டும் என்பதுதான் நம் வேலை. தண்டனையே வேண்டாம் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. தூக்கு குறைந்தாலும் இன்று பல வழக்குகளில் இருபது, இருபத்தைந்து, முப்பது வருடம், அல்லது சாகும்வரை, தண்டனைக் குறைப்பே கிடையாது என்ற ஆயுள் தண்டனைதான் கிடைக்கிறது. 2008-இல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் தொடங்கி 2015-இல் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்த வழி அது. எனக்கு அதிலும் உடன்பாடு இல்லை. அது வேறு விவாதம்.

செய்யாதவர்களும் இருக்கிறார்கள். மகாராஷ்டிராவில் நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேருக்கு 2009-இல் உச்ச நீதிமன்றமே தூக்கு என்றது. மரண தண்டனை வழக்குகளில் சீராய்வு மனுவைத் திறந்த நீதிமன்றத்தில் வாய்மொழியாகக் கேட்க வேண்டும் என்று 2014-இல் முகமது ஆரிஃப் வழக்கில் தீர்ப்பு வந்தது. அந்தக் கதவு வழியாக அவர்கள் வழக்கு மறுபடி திறந்தது. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் குற்றம் செய்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. நம் பக்கத்திலேயே, 2017-இல் சென்னையை அடுத்து ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் ஊரே கொதித்தது நினைவிருக்கும். செங்கல்பட்டு நீதிமன்றம் தந்து உயர் நீதிமன்றம் உறுதி செய்த தூக்குத் தண்டனையை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை. அந்தத் தீர்ப்பைத் திட்டியவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்கள் என்று தெரியவில்லை, நீங்கள் படியுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சரியான வக்கீல் சரியான நேரத்தில் கிடைக்காவிட்டால், அந்தக் குழந்தைக்கும் நியாயம் கிடைக்காமல் போகிறது.

பாதிக்கப்பட்ட குடும்பத்தைப் பற்றி ஒன்று. அவர்கள் உங்கள் எதிரிகள் இல்லை. ஊருக்குப் போகும்போது அவர்கள் வீடும் அதே தெருவில் இருக்கலாம். அந்தப் பக்கம் நின்று போன் பேசாதீர்கள், சிரிக்காதீர்கள். யாராவது வழிமறித்து ‘எங்க பிள்ளையைக் கொன்னவனுக்கா வந்திருக்கீங்க’ என்று கேட்டால் தத்துவம் பேச வேண்டாம். ‘ஆமாம், கோர்ட் கேட்ட விவரம் எடுக்க வந்திருக்கோம்’ என்று சொல்லிவிட்டு, அவர்கள் பேசுவதை நின்று கேளுங்கள்.

ரகசியம் காப்பதில் நான் கறார். வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் நடுவே உள்ள பேச்சுக்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு, வக்கீலின் குமாஸ்தா, மொழிபெயர்ப்பாளர், ஊழியர் வரைக்கும் நீளும். அந்தப் பாதுகாப்பு நீங்கள் இன்ஸ்டாகிராமில் சிறை வாசல் படம் போட்டால் காப்பாற்றாது. வீட்டில் அம்மாவிடம்கூட வழக்கின் பெயரைச் சொல்லாதீர்கள். கல்லூரிக்குக் கொடுக்கும் இன்டர்ன்ஷிப் டைரியில் என்ன எழுதலாம் என்று சீனியரிடம் காட்டி அனுமதி வாங்கிவிட்டு எழுதுங்கள்.

மனசு தாங்குமா? தூக்கு நிறைவேறுவது இந்தியாவில் அரிது. 2020 மார்ச் 20-இல் திகாரில் நால்வர். அதற்கு முன் 2015-இல் யாகூப் மேமன். தமிழ்நாட்டில் 1995-இல் சேலம் சிறையில் நடந்ததுதான் கடைசி. அதனால் உங்கள் இன்டர்ன்ஷிப் காலத்தில் அந்த நாள் வராது என்றே வைத்துக்கொள்ளலாம். அழுத்துவது வேறு. வருடக்கணக்கில் எதுவும் நகராமல் இருப்பது, வாய்தா மேல் வாய்தா, ‘எப்போ தீர்ப்பு’ என்று வாராவாரம் போன் செய்யும் தங்கைக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் இருப்பது. கருணை மனு ஒன்று பதில் இல்லாமல் பதினோரு வருடம் கிடக்கும் என்பதற்கு முருகன், சாந்தன், பேரறிவாளன் வழக்கு நம் கண் முன்னால் இருக்கிறது. 2000-இல் கொடுத்த மனு 2011-இல் தள்ளுபடி, 2014 பிப்ரவரியில் அந்தத் தாமதமே காரணமாகத் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. காத்திருப்பதே ஒரு தண்டனை என்பதை அந்தத் தீர்ப்புக்கு ஒரு மாதம் முன் வந்த சத்ருகன் சவுகான் தீர்ப்பு விரிவாகச் சொல்லும்.

தாங்குவதற்கு நான் பார்த்த வழி ஒன்றுதான்: தனியாகப் போகாதீர்கள், தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுச் சந்திப்புக்கு இரண்டு பேராகப் போய், திரும்பும் வழியில் பேசிவிட்டு வருவது நல்ல அமைப்புகளில் நடைமுறை. நேர்காணலின்போது ‘வேலை பாரமாக இருந்தால் யாரிடம் பேசுவது’ என்று நீங்களே கேளுங்கள். பதிலுக்குச் சிரித்துவிட்டு ‘போகப் போகப் பழகிவிடும்’ என்றால், அந்த இடம் எனக்குப் பிடிக்காது. பழகிப்போனவர்கள் நல்ல நேர்காணல் எடுப்பதை நான் பார்த்ததில்லை.

பிழைப்பு. உண்மையைச் சொன்னால், இதை மட்டும் முழுநேரமாகச் செய்யும் இடங்கள் இந்தியாவில் மிகக் குறைவு, சம்பளமும் கார்ப்பரேட் அலுவலகத்தின் பக்கத்தில் வராது. ஆனால் இங்கே கற்றது வீண் போகாது. கேஸ் கட்டைப் பிரித்துப் படிக்கத் தெரிந்த கிரிமினல் ஜூனியருக்கு எங்கேயும் இடமுண்டு. மாவட்டங்களில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கீழ் 2022 முதல் முழுநேரப் பாதுகாப்பு வக்கீல் அலுவலகங்கள் வந்துவிட்டன. தூக்கு வரக்கூடிய வழக்குகளை விசாரணைக் கட்டத்திலேயே பிடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அனோகிலால் வழக்கில் குற்றச்சாட்டு வனையும் அன்றுதான் வக்கீல் நியமிக்கப்பட்டார், இரண்டு வாரத்துக்குள் தூக்கு. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பி, இப்படிப்பட்ட வழக்குகளுக்குப் பத்து வருட அனுபவமுள்ளவரை நியமிக்க வேண்டும், தயாராக ஏழு நாளாவது தர வேண்டும் என்றது. இதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. அதை நடத்திக்காட்டத்தான் ஆள் வேண்டும்.

உங்கள் தோழிக்கு: இங்கே மிட்டிகேஷன் ஆட்களில் பலர் சமூகப்பணி, உளவியல், மானுடவியல் படித்தவர்கள். அமெரிக்காவில் இது நிலைபெற்ற தொழில். அங்கே வழக்கறிஞர் சங்கத்தின் 2003 நெறிகள் ஒரு மரண தண்டனை வழக்குக்கு இரண்டு வக்கீல், ஒரு புலனாய்வாளர், ஒரு மிட்டிகேஷன் நிபுணர் வேண்டும் என்கின்றன. அதே வருடம் விகின்ஸ் வழக்கில், கட்சிக்காரரின் பிள்ளைப் பருவத்தைத் தேடிப் பார்க்காத வக்கீலின் வேலை சட்டப்படி போதாது என்று அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே நாம் அந்த இடத்துக்கு இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறோம். தோழி கேஸ் ஒர்க் எடுத்து, கேட்டதை அப்படியே எழுதும் பழக்கம் உள்ளவராக இருந்தால் அதுவே தகுதி.

விண்ணப்பத்தில் ‘மரண தண்டனை மனித உரிமைக்கு எதிரானது’ என்று இரண்டு பக்கம் எழுதாதீர்கள். அதைப் படிக்கிறவருக்கு அது ஏற்கெனவே தெரியும். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் ஏதாவது ஒரு செஷன்ஸ் கோர்ட்டின் மரண தண்டனைத் தீர்ப்பை எடுங்கள். தண்டனை பற்றிய பகுதியை மட்டும் படியுங்கள். மனோஜ் தீர்ப்பு கேட்கும் விவரங்களில் எது அங்கே இருக்கிறது, எது இல்லை, இல்லாததை எந்த அலுவலகத்தில், எந்தப் பதிவேட்டில் தேடுவீர்கள் என்று ஒரு பக்கம் எழுதி இணைத்து அனுப்புங்கள். என் மேசைக்கு அப்படி ஒரு பக்கம் வந்தால், மதிப்பெண் பட்டியலைப் பார்க்காமலே கூப்பிடுவேன்.